சாய்கோடு போடாத கடை

ஏத்தா, அந்தப் பையைக் கொஞ்சம் மடியில தூக்கி வச்சுக்கிறியா, நான் இப்படி ஒண்டிக்கிறேன். ஆங், போதும் போதும். உசிலம்பட்டியில ஏறுனா மதுரை வரைக்கும் நின்னுக்கிட்டேதான் போகணும்னு நெனச்சேன். நல்ல வேளை.

அது என்ன, கம்ப்யூட்டர் பையா? கழுத்துல அட்டை வேற தொங்குது. கம்ப்யூட்டர் வேலைதானே? நெனச்சேன். ஏறுறப்பவே நெனச்சேன், இந்தப் பிள்ளை பக்கத்துலதான் உக்காரணும்னு. பின்னாடி ரெண்டு சீட்டு காலியாத்தான் கெடக்கு. இருந்தாலும் இங்கதான் வந்தேன்.

உனக்கு எச்.டி.எம்.எல் தெரியுமா? என்னத்தா அப்படிப் பாக்குற. எனக்குத் தெரியும். பதினஞ்சு நாள் படிச்சேன். சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டுக் கடையில மாட்டியிருக்கேன், சாமி படத்துக்குக் கீழ. ஒச்சம்மாள்னு எம் பேரைத் தமிழ்லயும் போட்டுருக்கு, இங்கிலீஷ்லயும் போட்டுருக்கு. அது கெடக்கட்டும். உங்கிட்ட ஒரு காரியம் இருக்கு. காரியத்தை அப்பறம் சொல்றேன். மொதல்ல எனக்கு நடந்த அநியாயத்தைக் கேளு.

எங்களுக்கு மாட்டுச் சாமான் கடை. சலங்கை, கழுத்துமணி, மூக்கணாங்கயிறு, குஞ்சம், நெட்டிமாலை, கொம்புக்கு அடிக்கிற பெயிண்டு, எல்லாம் இருக்கும். மாமனார் தவசி வச்ச கடை. அவர் போய்ச் சேந்ததும் அண்ணன் தம்பி ரெண்டு பேரும் கடையைப் பிரிச்சாக. எப்படிப் பிரிச்சாகங்கிற? நடுவுல ஒரு சுவரு. சந்தைக்குப் போற ரோட்டைப் பாத்த முன்பாதியும் "தவசி மணிக்கடை"ங்கிற பேரும் மூத்தவருக்கு. பின்பாதி எங்க வீட்டு மனுசனுக்கு. பின்பாதிக்கு வாசல் எங்க? முடுக்குக்குள்ள.

அந்த முடுக்கை நீ பாத்ததில்ல. ரெண்டு பேரு எதிரும் புதிருமா வந்தா ஒருத்தர் பின்னாடியே நடந்து வெளிய போகணும். மாட்டுக்கு மணி கட்டிப் பாத்துத்தானே வாங்குவாக? மாடு உள்ள வரும், திரும்பாது. ஒரு தடவை ஒரு பெரிய செவலைக் காளை வந்து மாட்டிக்கிருச்சு. வாலைப் பிடிச்சு இழுத்து, பின்பக்கமாவே ரோட்டுக்குக் கொண்டாந்தோம். அதுக்கப்பறம் அந்தக் காளை எங்க முடுக்கைப் பாத்தாலே ரோட்டுக்கு அந்தப் பக்கமாப் போகும்.

அந்தப் பாகத்தைத்தான் எங்க மனுசன் வாங்கிட்டு வந்தாரு. "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்"னு தலையை ஆட்டிட்டு வந்தாரு. அன்னைக்கு எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. பதினோரு வருஷம் ஆச்சு, இன்னும் எரியுது.

மூத்தவர் சம்சாரம் விருமாயி. எனக்கு ஓரகத்தி. சுவருக்கு அங்கிட்டு அவ, இங்கிட்டு நான். அவ தும்முனா எனக்குக் கேக்கும். நான் இருமுனா அவளுக்குக் கேக்கும். நல்லது கெட்டதுல பாத்தா "வா அக்கா", "இரு ஒச்சு", அம்புட்டுத்தான் பேச்சு. பதினோரு வருஷத்துல ஒரு நாள் எங் கடைப் படியை மிதிச்சதில்ல. நானும் அவ கடைப் படியை மிதிச்சதில்ல. நான் ஏன் மிதிக்கணும்? அவதானே மூத்தவ, அவதானே மொதல்ல வரணும்?

போன ஐப்பசியில ஒரு காதுகுத்து வீடு. பந்தியில எனக்குப் பக்கத்து எலையில உக்காந்துக்கிட்டு அவ சொல்றா: "ஒச்சு, எதுக்கு ரெண்டு கடை? இந்தப் பொங்கலுக்கும் ஒஞ் சரக்கு ஓடலைன்னா சுவரை இடிச்சு ஒண்ணாக்கிருவோம். பின்னாடி குடோனா இருக்கட்டும். நீயும் வந்து எங் கடையிலயே உக்காரு, எடுத்துக் குடுக்க ஒரு ஆளு ஆச்சு."

எடுத்துக் குடுக்க! எனக்குச் சோறு எறங்கலை. எங்க மனுசன் எதிர்ப் பந்தியில இருந்து, "அதுவும் சரிதான்"ங்கிறாரு. அவருக்குப் பாயாசம் போட்டிருந்தாக.

எங் கடை முடுக்குல இருக்கட்டும், மூத்திரச் சந்துல இருக்கட்டும். உள்ள ஒரு ஸ்டூல் இருக்கு, அதுல நான் உக்காந்திருக்கேன். வர்றவுக "ஒச்சம்மா கடை"ன்னு சொல்லி வர்றாக. அதை விட்டுட்டு அடுத்தவ கடையில நின்னு "அக்கா, இந்த மணியா, அந்த மணியா"ன்னு எடுத்துக் குடுக்கவா? செத்தாலும் மாட்டேன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

அந்த வாரம்தான் மகளிர் குழுவுல சொன்னாக. இணையத்துல கடை போடச் சொல்லித் தர்றாகளாம், பதினஞ்சு நாள், கல்யாண மண்டபத்துக்குப் பின்னாடி இருக்க ஹால்ல. சொல்லிக் குடுக்க வந்தது பெனிட்டா டீச்சர். சின்னப் பிள்ளைதான், உன்னை விட ரெண்டு வயசு மூத்திருக்கும். மொத நாளே அந்தப் பிள்ளை சொல்லுச்சு: "இணையத்துல முன்கடை, பின்கடைன்னு எதுவும் கெடையாது. எல்லாக் கடையும் ரோட்டு மேலதான்." எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு தாயி. இதை ஒருத்தரும் பதினோரு வருஷமா எனக்குச் சொல்லலையே. முந்தானையை எடுத்துத் துடைச்சுக்கிட்டுத் திரும்புறேன், ரெண்டாவது வரிசையில யாரு? விருமாயி. நோட்டு, பேனா, மூக்குக் கண்ணாடி சகிதமா. ரோட்டு மேல கடை இருக்கவளுக்கு அங்க என்ன வேலை? கேளு நீயே.

படிப்பு எனக்கு நல்லா ஏறுச்சு. டீச்சர் என்னென்னமோ சொல்லிப் பாத்துச்சு, எலும்புக்கூடு, சட்டை, மூளைன்னு. ஒருத்திக்கும் விளங்கலை. நான்தான் எந்திரிச்சேன். "டீச்சர், நான் சொல்றேன். எச்.டி.எம்.எல்-ங்கிறது மாடு. தலை எங்க, வயிறு எங்க, வால் எங்கன்னு அதான் சொல்லுது. சி.எஸ்.எஸ்-ங்கிறது கொம்புக்கு அடிக்கிற பெயிண்டு. மாடு அதேதான், பாக்க லட்சணமா இருக்கும். ஜாவா ஸ்கிரிப்ட்டுன்னா சலங்கை. தொட்டா சத்தம் வரும், அசைஞ்சா ஆடும். மாடு இல்லாம சலங்கையை வாங்கி எங்கிட்டுக் கட்டுவீக?" டீச்சர் கையைத் தட்டிருச்சு. போர்டுல எழுதிப் போட்டுருச்சு. விருமாயியும் அதைப் பாத்து நோட்டுல எழுதுனா. எம் மாட்டை எழுதிக்கிட்டா, பாத்துக்க.

மூணாம் நாள்தான் வில்லங்கம். டேக்னு ஒண்ணு இருக்குல்ல, உனக்குத் தெரியும். தலைப்புன்னா அதுக்கு ஒரு டேக், தடி எழுத்துன்னா அதுக்கு ஒரு டேக். டேக்கைத் தொறந்து, எழுத வேண்டியதை எழுதி, அப்பறம் அந்த டேக்கை... அந்த வார்த்தை. தொறக்குறதுக்கு எதிர் வார்த்தை. நீயே புரிஞ்சுக்க, நான் வாயால சொல்ல மாட்டேன். தொறந்ததையே திருப்பி எழுதி, முன்னாடி ஒரு சாய்கோடு போடணுமாம். போட்டா அந்த வார்த்தை ஆயிருச்சுன்னு அர்த்தமாம்.

எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. நாங்க கடைக்காரவுக. எங்க மாமனார் இருந்தவரைக்கும் அந்த வார்த்தையைக் கடைக்குள்ள ஒருத்தரும் பேசுனதில்ல. சாயந்திரம் ஆச்சுன்னா "கடையை எடுத்து வை"ம்போம். விளக்கைக் "குளிர வை"ம்போம். சரக்கு இல்லைன்னா "நாளைக்கு வருது"ம்போம். பெயிண்டு டப்பா தொறந்து கெடந்தாக்கூட "டப்பாவுக்குத் தொப்பியைப் போடு"ன்னுதான் சொல்லுவோம். அப்படிப்பட்ட வீட்டுல வாக்கப்பட்டவ நான். புதுசாத் தொறக்குற கடையில, வரிக்கு வரி உக்காந்து அதையே எழுதவா? தலைப்புக்கு ஒரு தடவை, சாமான் பேருக்கு ஒரு தடவை, அது போதாதுன்னு கடைசியில மொத்தக் கடைக்கும் ஒரு தடவை! வெளங்குமா?

நான் எந்திரிச்சுக் கேட்டேன். "டீச்சர், மாட்டாஸ்பத்திரியில மாட்டுக் காதுல மஞ்சளா டேக் அடிப்பாக. ஒரு காதுல அடிச்சா, இன்னொரு காதுல சாய்கோடு போட்டு மறுபடி அடிப்பாகளா?" ஹாலே சிரிச்சுச்சு. விருமாயி எந்திரிச்சு, "அதெல்லாம் போடணும் டீச்சர், நாங்க போடுறோம்"னு சொல்லி, அந்த வார்த்தையை மூணு தடவை சொன்னா. எம் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே சொன்னா.

டீச்சர் பாவம், சமாதானம் பண்ணுச்சு. "அக்கா, போடுறதுதான் முறை. ஒண்ணு ரெண்டு எடத்துல விட்டுப்போனா பிரவுசர் சமாளிச்சுக்கும். அதுக்காக..." அதுக்கு மேல எனக்குக் கேக்கலை. சமாளிச்சுக்கும்னு சொல்லிருச்சுல்ல? போதும். அவ்வளவு பெரிய பிரவுசரு, ஒரு கோட்டுக்காகவா சண்டைக்கு வரப்போகுது? நான் ஒரு சாய்கோடு போடலை. பதினஞ்சு நாளும் போடலை.

போனுலயே எழுதி முடிச்சேன். மொதல்ல "ஒச்சம்மா மணிக்கடை"ன்னு தலைப்பை எழுத உக்காந்தா, எங்க மனுசன் எட்டிப் பாத்துட்டு, "அண்ணன் பேரு எங்க?"ங்கிறாரு. "இது எங் கடைங்க"ங்கிறேன். "கடை ஒன்னோடதுதான். மூத்தவுக பேரைப் போடாம யாராவது பத்திரிகை அடிப்பாகளா? நாளைக்கு நாலு பேரு கேப்பாகள்ல?" ரெண்டு நாள் சோறு திங்காம உக்காந்துட்டாரு. கடைசியில போட்டுத் தொலைச்சேன். எல்லாத்துக்கும் மேல, தலைப்புக்கும் மேல, "எங்கள் மூத்தவர், தவசி மணிக்கடை அவர்கள் ஆசியுடன்." சும்மா போடுவானேன்னு அன்னைக்குப் படிச்ச லிங்கையும் அதுல போட்டேன். அந்தப் பேரைத் தொட்டா விருமாயி போட்டு வச்சிருக்க பக்கத்துக்குப் போகும். மரியாதைக்குத்தான் தாயி. தொட்டாத்தானே போகப் போறாக, எவன் தொடப் போறான்னு நெனச்சேன்.

பேரு அப்படியே நின்னா நல்லாவா இருக்கும்? டி.வி.யில அடியில செய்தி ஓடுமே, அது மாதிரி ஓட விட்டேன். அதுக்கும் ஒரு டேக் இருக்கு. டீச்சர் அதைச் சொல்லித் தரமாட்டேன்னுச்சு, பழசாம், இப்ப யாரும் போடுறதில்லையாம். நானே தேடிக் கண்டுபிடிச்சேன். அப்பறம் செவப்புக் கலரு, தடி எழுத்து. எல்லாம் தொறந்தேன். எதுக்கும் சாய்கோடு கெடையாது.

கார்த்திகையில நல்ல நாள் பாத்துக் கடையைத் தொறந்தோம். போனை மணையில வச்சு, சந்தனம் வச்சு, சூடம் காட்டுனேன். எங்க மனுசன், "தள்ளிக் காட்டு, உருகிரப் போகுது"ன்னு போனைப் பிடிச்சுக்கிட்டே நின்னாரு. பாத்தா, ஆத்தாடி! கடை மொத்தமும் ஓடுது. மணி ஓடுது, குஞ்சம் ஓடுது, எம் போன் நம்பரு ஓடுது. எல்லாம் செவப்பு, எல்லாம் தடி எழுத்து. எனக்குப் பெருமை தாங்கலை. விருமாயி கடை அங்கிட்டு அப்படியே செலையா நிக்குது, எங் கடை தேர் மாதிரி போகுது.

சொந்தம் சுருத்து, குழு, கோயில் கமிட்டி, ரேக்ளா ரேஸ் குரூப்பு, எல்லாத்துலயும் போட்டு விட்டேன். எத்தனை பேரு வந்தாகன்னு எண்ணிச் சொல்ற ஒண்ணு வச்சிருந்தேன், அதுவும் கூடவே ஓடும், வெரட்டிப் பிடிச்சுத்தான் படிக்கணும். நூறு பேரு. முந்நூறு. பத்து நாள்ல ஆயிரத்துக்கு மேல. ஆயிரம் பேரு எங் கடைக்குள்ள வந்துட்டுப் போயிருக்காக! முடுக்குல அம்புட்டுப் பேரு நிக்க முடியுமா?

ஆனா ஒரு போன் வரலை. ஒண்ணே ஒண்ணு வரலை. போன் ரிப்பேரோன்னு சந்தேகம் வந்து எங்க மனுசனை அடிக்கச் சொன்னேன். எதிர உக்காந்துக்கிட்டு, "அலோ, மணி இருக்குங்களா?"ங்கிறாரு. "இருக்குங்க"ங்கிறேன். அதான் எங் கடைக்கு வந்த மொத போன்.

கம்பத்துல இருந்து எங்க பெரியம்மா மகன் ஒருத்தன் பேசுனான். "ஒச்சக்கா, ஒங் கடை நிக்க மாட்டேங்குதே. ஒரு சலங்கையைப் பிடிக்கலாம்னு வெரலை வச்சா ஓடுது. அது பின்னாடியே வெரலை ஓட்டி எப்படியோ அமுக்கிப் பிடிச்சா, வேற ஏதோ கடைக்குள்ள போய் விழுகுறேன்." ஒம் போன் பழசு, மாத்துடான்னு வச்சுட்டேன். அவன் சின்ன வயசுல இருந்தே எதையும் ஒழுங்காப் பிடிக்க மாட்டான்.

அதே நேரத்துல சுவருக்கு அங்கிட்டு என்ன நடக்குதுங்கிற? விருமாயி போன் அடிக்குது. வச்சா அடிக்குது, எடுத்தா அடிக்குது. காதைச் சுவர்ல வச்சுக் கேட்டேன். "அலோ, தவசி மணிக்கடை. ஆமாங்க. நீலக் குஞ்சம் வச்ச கழுத்துமணியா? எத்தனை வேணும்?" ஏத்தா, கேளு. அவ கடையில நீலக் குஞ்சமே கெடையாது! செவப்பும் பச்சையும்தான் வாங்குவா. நீலம் எங்கிட்ட மட்டும்தான் இருக்கு, எங் கடைப் பக்கத்துல மட்டும்தான் படம் போட்டிருக்கேன். எம் படத்தைப் பாத்துட்டு அவளுக்கு எப்படிப் போன் போகும்?

செய்வினைதான். வேற என்ன? போனுக்கு மொளகாயும் உப்பும் வச்சுச் சுத்திப் போட்டேன். கேக்கலை. பொங்கலுக்கு இருபது நாள் கெடக்கு, மூட்டை மூட்டையா மணி கெடக்கு. ஒரு நாள் மத்தியானம் அந்த மூட்டைக்குப் பின்னாடி உக்காந்து அழுதுட்டேன். எம் பொழப்பு அவ கடையில எடுத்துக் குடுக்குறதுன்னு எழுதியிருக்குன்னு நெனச்சு அழுதேன். சத்தம் வராம அழுதேன், சுவரு மெலிசு.

மூக்கைச் சிந்திட்டு நிமுந்து பாக்குறேன், வாசல்ல விருமாயி. பதினோரு வருஷத்துல மொத தடவை. ஒரு காலைப் படியில வச்சுக்கிட்டு, இன்னொரு காலைத் தூக்க முடியாம நிக்கிறா. முட்டி வலிக்காரி.

"ஒச்சு, நீலக் குஞ்சம் வச்ச கழுத்துமணி இருக்கா?"

"எத்தனை வேணும்?"

"பன்னெண்டு."

"எதுக்கு?"

"வேணும், குடேன்."

எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. கோவத்துலதான். வேற எதுக்குக் கலங்கும்? கையைப் பிடிச்சு மேல ஏத்தி, எண்ணிக் கட்டிக் குடுத்தேன். எந்த ஊருக்குன்னு கேட்டேன், சொல்லலை. மறுநாள் வந்தா. "பித்தளைச் சலங்கை அம்பது." அதுக்கு மறுநாள் காலையில ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை. கட்டுறதுக்கு நேரம் ஆகும்ல, எம்புட்டு நேரம் நிப்பா? ஸ்டூலு ஒண்ணுதான் இருக்கு, அதைக் குடுக்க முடியாது, அது எஞ் ஸ்டூலு. பெயிண்டு டின்னைக் கவுத்துப் போட்டு, மேல சாக்கை மடிச்சுப் போட்டேன். உக்காந்தா. உக்காந்தவளுக்கு ஒரு டீ சொல்லாம இருக்க முடியுமா? மனுசத்தன்மைன்னு ஒண்ணு இருக்குல்ல. டீ வந்தா பேச்சு வருது.

என்னத்தப் பேசுனோம்? அவ முட்டிக்கு எந்தத் தைலம் கேக்குது, எந்தத் தைலம் கேக்கலை. மூத்தவர் மத்தியானம் கடையிலயே தூங்கி விடுற குறட்டை. அது எனக்கு ஏற்கெனவே தெரியும், ஆனாலும் தெரியாத மாதிரி கேட்டுக்கிட்டேன். அப்பறம் மாமனார் இருந்தப்ப ரெண்டு பேரும் ஒரே அடுப்புல சமைச்சது, ஒரு தீபாவளிக்கு அதிரசம் எண்ணெயில கரைஞ்சு போனதுக்கு நீ காரணம், நான் காரணம்னு சண்டை போட்டது. அதுக்கு அவதான் காரணம். பாகு அவ வச்சது. இப்பவும் ஒத்துக்கிற மாட்டேங்கிறா.

மாட்டுப் பொங்கலுக்கு மூணு நாள் இருக்கப்ப எங் கடை துடைச்சு விட்ட மாதிரி ஆயிருச்சு. நெட்டிமாலைகூட இல்ல. எல்லாம் அவ கை வழியாத்தான் போச்சு. போச்சா இல்லையா? ஓடுன சரக்கு ஓடுன சரக்குதானே?

அன்னைக்குத்தான் பெனிட்டா டீச்சர் வந்துச்சு. படிச்சவுக கடையெல்லாம் எப்படி நடக்குதுன்னு பாக்க வந்த பிள்ளை. எம் போனை வாங்கிப் பாத்துச்சு. வெரலை வச்சு ரெண்டு மூணு தடவை வெரட்டுச்சு. அப்பறம் தலையில கையை வச்சுக்கிருச்சு.

"ஒச்சம்மாக்கா, மேல இருக்க அந்த லிங்கைத் தொறந்தீங்கள்ல?"

"ஆமா, மரியாதைக்கு."

"அதுக்குச் சாய்கோடு போட்டீங்களா?"

"எதுக்கும் போடலையே."

"அதான்க்கா. போடாததுனால அதுக்குக் கீழ இருக்க எல்லாமே அந்த லிங்குதான். தலைப்பு, மணி, குஞ்சம், உங்க போன் நம்பரு, எதைத் தொட்டாலும் தவசி மணிக்கடைக்குத்தான் போகும். ஒரு கடை மொத்தமும் இன்னொரு கடைக்கு வாசலா இருக்குக்கா."

பாத்தியா தாயி! ஆயிரத்துச் சொச்சம் பேரையும் நானே சூடம் காட்டி, ஆசியோட, அவ வீட்டு வாசல்ல எறக்கி விட்டிருக்கேன். இது எந் தப்பா? சொல்லு. பிரவுசர் தப்பு. சமாளிச்சுக்கும்னாகள்ல, சமாளிக்க வேண்டியதுதானே? இல்ல எங்க மனுசன் தப்பு. என்னைய ஏன் பாக்குற?

விருமாயி அப்ப அங்கதான் டின்னு மேல உக்காந்திருக்கா. டீ கிளாசுக்குள்ள எதையோ தொலைச்ச மாதிரி அதையே பாத்துக்கிட்டிருக்கா. எனக்குப் பொறி தட்டுச்சு.

"அக்கா, ஒனக்கு இது தெரியுமா?"

"மொத நாளே தெரியும்."

"மொத நாளேவா? ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ சரி பண்ணிப்புடுவ."

எம்புட்டு நெஞ்சழுத்தம் பாரு! டீச்சர் சரி பண்ணித் தரேன்னு போனைக் கையில எடுக்குது, இவ அதை வாங்கி எம் மடியில போட்டுட்டு, "பொங்கல் நேரத்துல அதைத் தொடாதே ஒச்சு. போட்டது போட்டபடி கெடக்கட்டும்"ங்கிறா. வகுப்புல எல்லாத்துக்கும் கோடு கோடாப் போட்டவ சொல்ற பேச்சா இது? "அப்ப சுவரை இடிக்கிறது?"ன்னு கேட்டேன். "ஒஞ் சரக்குதான் ஓடிருச்சே, அப்பறம் என்ன இடிக்கிறது"ன்னுட்டு, முட்டியைப் பிடிச்சுக்கிட்டே எந்திரிச்சுப் போயிட்டா. அப்படியாக் கடை தப்பிச்சுச்சு. ஸ்டூலு எஞ் ஸ்டூலாவே இருக்கு.

பொங்கல் போயிருச்சு, மாசி போயிருச்சு, பங்குனி வந்துருச்சு. இன்னும் அவளுக்குத்தான் போன் போகுது. இப்ப மாட்டுக்காரவுக கொறைச்சல். சென்னையில நாய்க்குக் கட்டுறாகளாம், வீட்டுக் கதவுல தொங்க விடுறாகளாம். எதுக்கோ கட்டட்டும். ஆனா மணி என்னோடது, படம் என்னோடது, ஊரு பூரா தவசி மணிக்கடைங்கிறாக. எனக்குப் பொறுக்கலை. இன்னைக்குக் காலையில எந்திரிச்சதும் முடிவு பண்ணிட்டேன். டீச்சர் பிள்ளை இப்ப மதுரைக்கு மாத்திப் போயிருச்சு, நேராப் போய் அந்தக் கோட்டைப் போட்டுக் குடும்மான்னு கேட்டுறணும். எங்க மனுசங்கிட்டகூடச் சொல்லலை. விருமாயிகிட்டச் சொல்வேனா?

அதுக்குத்தான் உங்கிட்ட உக்காந்தேன். நீயும் படிச்ச பிள்ளைதானே? இந்தா, போனு. பூட்டுக் கெடையாது. உள்ள போ, அந்த எழுதுற எடத்தைத் தொற. ஆங், அதேதான். மேல இருந்து நாலாவது வரி. "ஆசியுடன்"னு இருக்கா? அது முடியிற எடத்துல ஒரு சாய்கோடும் "ஏ"வும் போடணுமாம், ரெண்டு பக்கமும் மூக்கு மாதிரி வளைஞ்சிருக்குமே, அதோட. அம்புட்டுத்தானா? அந்த ஓடுறதை விட்டுரு, அது ஓடட்டும். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கிறேன். நான் அடிச்சாத்தானே தோஷம். நீ அடிச்சா எனக்கும் இல்ல, உனக்கும் இல்ல, நீ எங்க வீட்டுக்கு வாக்கப்பட்டவ இல்லையே. அடி தாயி. தைரியமா அடி.

அய்யய்யோ, போன் அடிக்குது. குடு குடு. யாருன்னு போட்டிருக்கு? அவளா? சத்தம் போடாம இரு.

அலோ. சொல்லுக்கா... பஸ்ல... சும்மா மதுரை வரைக்கும். அங்க ஒரு சோலி... என்ன சோலின்னா, சோலிதான். நீ எங்க இருக்க? எங் கடை வாசல்லயா? படியிலயா நிக்கிற? ஏன்க்கா, கடை எடுத்து வச்சிருக்குன்னு தெரியுதுல்ல, வெயில்ல எதுக்கு நிக்கிற... சரி, எத்தனை வேணுமாம்? எந்த ஊருக்கு?... என்னது? ஆர்டர் வரலையா? நேத்துமா வரலை? நேத்து இருபது சலங்கை வாங்கிட்டுப் போனியே, அது யாருக்கு?... அதை ஏன் ஒங் கடைக்கு வாங்குன, ஒங்கிட்டத்தான் சலங்கை இருக்கே... ம். அப்ப இன்னைக்கு எதுக்கு வந்த?... சும்மாவா?

சரி. சரி, வையி.

விருமாயிதான். ஆர்டர் ஒண்ணும் இல்லையாம். சும்மாத்தான் வந்தாளாம். பணியாரம் சுட்டாளாம், சூட்டோட எடுத்துட்டு வந்தாளாம். ஆறிப்போகுதாம். பாகு மட்டும்தான் அவளுக்கு வராது. பணியாரம் நல்லாத்தான் சுடுவா.

ஏத்தா, நீ அந்தக் கோட்டை அடிச்சுட்டியா? அடிக்கலைல்ல? காமி, பாக்குறேன். அப்பாடி. நல்ல வேளை. இன்னைக்கு வேணாம் தாயி. வெள்ளிக்கிழமை அதுவுமா அந்தக் காரியத்தைச் செய்யலாமா? என்னது, வியாழனா? நல்லாத் தெரியுமா? சரி, வியாழன்னா நாளைக்கு வெள்ளிதானே. வெள்ளிக்கு முந்தின நாளும் எங்க வீட்டுல ஆகாது. மாமனார் காலத்துல இருந்தே ஆகாது.

கண்டக்டர் தம்பி! செக்கானூரணியில ஆள் எறக்கம் இருக்கு. மதுரைக்கு டிக்கெட் எடுத்தா என்னப்பா, மதுரைலதான் எறங்கணும்னு சட்டமா? கொஞ்சம் நிப்பாட்டு, நான் எதிர்ப் பஸ்ஸைப் பிடிக்கணும். தள்ளிக்கத்தா, பையைப் பாத்து. அவ எனக்கு எதிரிதான், அதுல ஒரு மாத்தமும் இல்ல. முடுக்குல இந்நேரத்துக்கு ஒரு பொட்டு நெழல் இருக்காது, அங்கிட்டுத்தான் நின்னுக்கிட்டிருக்கா.